வலிக்காத பூட்ஸ்

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்குப் பூட்ஸ் எதற்கு என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வயலில் இறங்கினால் சேறு, தோப்பில் நடந்தால் மணல். கல்யாண மாப்பிள்ளையே புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுகிற ஊர். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை சண்முகவடிவு தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பூட்ஸ் வாங்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். கூடவே காவலுக்குப் புருஷனின் அக்கா பிச்சம்மாள். காவல் வடிவுக்கா, வடிவு கையிலிருந்த பைக்கா என்பது பிச்சம்மாளுக்குத்தான் தெரியும்.

வடிவின் புருஷன் ஆறுமுகப்பெருமாள் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். இவ்வளவு நாளும் அங்கே ஒண்டிக்கட்டையாக இருந்தார். இப்போது குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது, கார்த்திகை முடிவதற்குள் பிள்ளைகளோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்ஸைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார்.

“அங்க விடியக்காலம் புல்லு மேல உப்பு தூவுனமாதிரி பனி உறைஞ்சு கெடக்கும் பாத்துக்கோ. வெறுங்கால வச்சா கால் மரத்துப் போவும். பத்தாததுக்கு ரெத்தம் குடிக்க அட்டை வேற. பிள்ளையளுக்கு மூடுன பூட்ஸா எடு. கயிறு கெட்டுற சாதி வேண்டாம். அட்டை ஏறிச்சுன்னா சட்டுனு உருவணும். பிள்ளைய தன்னாலே போடணும், தன்னாலே கழத்தணும்.”

அவர் சொன்ன மற்றதையெல்லாம் வடிவு காதில் வாங்கிக்கொண்டாள். கால் மரத்துப் போகும் என்ற சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் ஏதோ பிரிவுத் துயரம் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பார். ஆண்கள் அப்படித்தான்.

காரணம் வேறு. வடிவின் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். பரமார்த்தலிங்கம் என்று பெயர். வடிவு சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் களத்திலிருந்து அவர் வீட்டுக்கு வந்தார். முற்றத்தைத் தாண்டி, நடையேறி, அடுக்களை வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம் ஒற்றி ஒற்றிக் கிடந்தது. அதை முதலில் பார்த்தது வடிவுதான்.

“மாமா, காலுல ரெத்தம்!”

அவர் குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு ஓர் உடைமுள் அடியில் ஏறி, பாதி ஒடிந்து உள்ளே நின்றது. “அட, இது எப்பம் குத்துச்சு?” என்று சிரித்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வடிவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

வலி தெரியாத கால் பெருநோயின் அடையாளம், அந்த நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டார்கள். தோப்பில் ஓர் ஓலைப்புரை கட்டி அவரைத் தனியே வைத்தார்கள். நாகராஜா கோயில் மண்ணைக் கொண்டுவந்து உடம்பெல்லாம் பூசினார்கள். அந்தச் சாமி அந்த நோயைத் தீர்ப்பவர் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. யாருக்கெல்லாமோ தீர்த்தார், மாமாவுக்குத் தீர்க்கவில்லை. இலையில் வைத்த சோற்றைக் கம்பால் தள்ளிவிடுவார்கள். அவர் ஓலை இடுக்கு வழியாக “வடிவு வந்திருக்காளா?” என்று கேட்பார். வந்திருப்பாள், ஆனால் இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் அவர் செத்தபோது மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். கல்யாணம் பேச வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு ஒரு காலத்தில் மாமன் சொத்து மருமக்களுக்குத்தான். சட்டம் வந்து அந்த வழக்கம் ஒழிந்தது. ஆனால் ரத்தம் எந்தச் சட்டத்தைப் படித்தது? மாமனின் வயல் வந்த வழியாகவே மாமனின் நோயும் வரும் என்று வடிவு நம்பினாள். தனக்கு வரவில்லை, அப்படியானால் மகனுக்கு வரும் என்று அவள் மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. மகன் தாணுமாலயனுக்கு ஐந்து வயது. அவன் பிறந்த நாளிலிருந்து எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் அவன் உடம்பைத் தடவித் தடவிப் பார்ப்பாள். எங்காவது ஒரு வெளுப்பு, ஒரு தேமல் கண்டால் போச்சு, அது மறைகிற வரைக்கும் தூக்கம் கிடையாது. “பிள்ளையச் சொர்ணத்தத் தேய்க்கமாதிரி தேய்க்கா பாரு” என்று பிச்சம்மாள் கேலி செய்வாள். வடிவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

மலைக்குப் போகுமுன் நாகராஜாவுக்குப் பால் விட வேண்டும் என்பது பிச்சம்மாளின் ஏற்பாடு. தலைக்குக் குளித்து, துவைத்த சேலை உடுத்து, ஒன்றையும் தொடாமல் சுத்தபத்தமாக வந்தார்கள். பஸ் பிந்திவிட்டது. நடை சாத்திவிட்டார்கள். இனிச் சாயங்காலம்தான் திறப்பார்கள். சும்மா இருப்பதற்குப் பூட்ஸையாவது எடுத்துவிடலாம் என்று பக்கத்துத் தெருவில் யூஜின் என்பவரின் கடைக்குள் நுழைந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர் கடையில்தான் பூட்ஸ் வாங்குவார்கள்.

கடைக்குள் தோல்வாடை குப்பென்று அடித்தது. பிச்சம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி வடிவு, நீ ஒண்ணையும் தொட்டுத் தொலைக்காதே. தோலத் தொட்ட கையால பாலு விட முடியாது. அவரு போட்டு விடட்டும். பிள்ளையளுக்குத் தீட்டு இல்ல.”

யூஜினுக்கு இது பழக்கம்தான். பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் கண்ணாலேதான் பூட்ஸ் வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தாமே முழங்காலிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“இது கணுக்காலு மறையும். துரைமாரு பிள்ளைய போடுறது. நல்ல சூடு நிக்கும்.”

“கயிறு கெட்டணுமே. வேண்டாம்” என்றாள் வடிவு.

“அப்பம் இது. ஒரே ஒரு வாரு, ஒரு பக்கிள். பிள்ளை ரெண்டு நாளுல பழகிரும்.” பளபளவென்று கறுப்பாக இருந்தது. பிச்சம்மாளுக்கே பிடித்துவிட்டது. “அது கொள்ளாம்” என்றாள், மூக்கைப் பொத்திய முந்தானைக்குள்ளிருந்து.

இன்னொரு ஜோடியையும் எடுத்தார். வாரும் இல்லை, கயிறும் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் நாடா வைத்துத் தைத்து, வாய் அகலமாக, பின்னால் பிடித்து இழுக்க ஒரு சின்னக் காது வைத்திருந்தது. மண்நிறம். “இத நிண்ட நெலையில காலை உள்ள விட்டுக்கிடலாம், ஒரு இழுப்புல கழத்திக்கிடலாம். ஆனா பாக்கதுக்கு அவ்வளவு எடுப்பா இருக்காது.”

“பன்றி மூஞ்சிமாதிரி இருக்கு. கணக்கப்பிள்ளை மகன் போடக்கூடியதா அது?” என்றாள் பிச்சம்மாள். அதை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தார் யூஜின்.

முதலில் சின்னவள் சிவகாமிக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று வயது. பூட்ஸ் காலில் பட்டதுமே தொடங்கிவிட்டாள். “கடிக்கு! கடிக்கு!” எந்த ஜோடியைப் போட்டாலும் கடித்தது. யூஜின் வெறுஞ்சாக்ஸைப் போட்டபோதும் கடித்தது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். காலையிலிருந்து அலைந்த அலைச்சலில் வடிவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வாய மூடுதியா இல்லியாட்டீ? அழுதியானா ஒன்ன அத்தைகிட்ட விட்டுட்டு நானும் அண்ணனும் போயிருவோம். பூட்ஸு போட்டு அழாத பிள்ளையளத்தான் மூணாறு பஸ்ஸுல ஏத்துவாவ, தெரியுமா?”

சிவகாமி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னைவிட இரண்டு பங்கு சத்தமாக அழுதாள். பிச்சம்மாளுக்கு அது என்னவோபோல் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு துணிப்பூட்ஸும் அதற்குள் போட கம்பளிச் சாக்ஸும் எடுத்து, அவள் அழுகையை ஒரு மிட்டாயால் அடைத்தார்கள்.

தாணு ஒரு தொந்தரவும் தரவில்லை. பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். யூஜின் சாக்ஸை மாட்டி, பக்கிள் வைத்த கறுப்பு ஜோடியைப் போட்டுவிட்டார்.

“ஒரு வெரல் பெரிசாவே இருக்கட்டும், வளருத பய” என்றாள் பிச்சம்மாள்.

“வலிக்கா மக்கா?” என்று கேட்டாள் வடிவு.

“வலிக்கல்ல.”

“எங்கயாவது குத்துகா?”

“குத்தல்ல.”

“அப்பிடியே தெருமூலை விளக்குக் கம்பம் வரைக்கும் நடந்துட்டு வா மக்கா, பாப்போம்” என்றார் யூஜின். தாணு நடந்தான். போகும்போது விறைப்பாகப் போனான், வரும்போது இன்னும் விறைப்பாக வந்தான். பட்டாளக்காரன் மாதிரி இருக்கிறான் என்று பிச்சம்மாள் சொன்னாள். வடிவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தப் பிள்ளையோடு எந்த மலைக்கும் போகலாம், ஒரு குறையும் வராது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

“கழத்திருவோம்” என்று யூஜின் பக்கிளை அவிழ்த்து இடது பூட்ஸை உருவினார்.

சாக்ஸின் குதிகால் சிவப்பாக நனைந்திருந்தது.

“மாதாவே!” என்று யூஜின் கையை உள்ளே விட்டுத் துழாவினார். “குதியில அடிச்ச ஆணி மேல ஏறி நிக்கு. மன்னிச்சுக்கிடுங்கம்மா, நான் பாக்காமப் போயிட்டேன். மக்கா, இவ்வளவு தூரம் நடந்தியே, வலிக்கல்லியா ஒனக்கு?”

தாணு தன் குதிகாலைப் பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டினான்.

“வலிக்கல்ல.”

“பாத்தியாட்டீ நம்ம வீட்டு ஆம்பிளய!” என்று பிச்சம்மாள் பெருமையோடு சிரித்தாள். யூஜினும் சங்கடமாகச் சிரித்தார். தெருவில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

வடிவுக்குக் காது அடைத்துவிட்டது. யார் யாரோ சிரிக்கிறார்கள், ஒரு பாதம் ரத்தத்தோடு திரும்பி நிற்கிறது, வலிக்கவில்லை என்கிறது. ஓலை இடுக்கு வழியாக மாமா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டு ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் அந்த ஆணி அவள் விரலில் தட்டியிருக்கும். கோயிலும் தீட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் இப்போது ஆணி பெரிதில்லை. அது குத்தியும் பிள்ளைக்குத் தெரியவில்லை என்பதுதான் பெரிது.

“மயினி, குட்டியப் பாத்துக்கிடுங்க. நான் இவன் கால கொளத்துல கழுவிட்டு வந்திருகேன்” என்று பிச்சம்மாளிடம் சொல்லி, தாணுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

“இங்கன செம்புல தண்ணி இருக்கேம்மா” என்றார் யூஜின். அவள் நிற்கவில்லை.

கோயில் நடை சாத்தியிருந்ததால் குளத்தில் ஆள் இல்லை. மரநிழல் விழுந்த படியில் அவனை உட்காரவைத்தாள். அடுத்த படியில் தான் உட்கார்ந்து அவன் காலை மடியில் எடுத்து வைத்துக் கழுவினாள். ரத்தம் நின்றுவிட்டது. குதிகாலில் ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான். அதைச் சுற்றி வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். ஈரத்தில் எல்லாமே வெளுப்பாகத்தான் தெரிந்தது.

அவன் தொடையைக் கிள்ளினாள். லேசாகத்தான்.

“வலிக்கா?”

“வலிக்கல்ல.”

நன்றாகக் கிள்ளினாள். நகம் பதிந்து தோல் சிவந்தது. “இப்பம்?”

“வலிக்கல்ல.”

ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். பெற்ற பிள்ளையை ஊக்கால் குத்துகிறவள் ஒரு பெண்ணா என்று நாம் கேட்கலாம். நமக்கென்ன, நாம் படியில் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் ஊக்கின் முனையை அவன் இடது பாதத்தில் அழுத்தினாள். ஒரு முத்து ரத்தம் வந்தது.

“மக்கா, உள்ளதச் சொல்லு. வலிக்கா?”

“இல்ல.”

வலது பாதம். இல்லை. கணுக்கால். இல்லை. உள்ளங்கை. அதிலும் இல்லை.

கையுமா? மாமாவுக்குக் கால்தான் முதலில் போயிற்று, கை போக வருஷங்கள் ஆயின. இவனுக்கு இந்த வயதில் எல்லாமே போய்விட்டதா? நேற்று எண்ணெய் தேய்த்தபோதுகூடத் தெரியவில்லையே? இனி மூணாறு எங்கே, பஸ் எங்கே? தோட்டத்து டாக்டர் புதிதாக வருகிற குடும்பங்களை எல்லாம் சட்டையைக் கழற்றிச் சோதிப்பார் என்று புருஷன் சொல்லியிருந்தார். அவர் முன்னால் இவனை எப்படி நிறுத்துவது? புருஷன் என்ன சொல்லுவார்? பிச்சம்மாள் ஊருக்கெல்லாம் என்ன சொல்லுவாள்? அதெல்லாம் போகட்டும். தோப்பில் புரை கட்டுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ராத்திரி தனியாகப் படுக்குமா? சோற்றைக் கம்பால் தள்ளினால் அதற்கு விவரம் தெரியுமா? நானும் அந்தப் புரைக்குள் போய்விடுவேன், சிவகாமியை யாராவது வளர்க்கட்டும் என்று அந்தக் குளத்துப் படியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். அதைத் தவிர வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

“நாகராஜா, என் பிள்ளை கத்தணும், நீரு கத்த வையும்” என்று வாய்விட்டுச் சொல்லி, ஊக்கை மறுபடியும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அதுவரை காலையும் கையையும் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. தாணு கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். உதட்டில் பல் பதிந்திருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் பொலபொலவென்று வழிந்து மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

“ஏலே மக்கா... வலிக்கல்லேன்னா எதுக்குலே கண்ணுல தண்ணி?”

“நான் அழல்ல.”

“அழுதியே!”

“நான் அழல்லம்மா. தண்ணிதான் தானா வருது. நான் அழல்ல. என்ன அத்தைகிட்ட விடாதே. நானும் அப்பாகிட்ட வாரேன்.” குரல் உடைந்துவிட்டது. உடனே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

வடிவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கடையில் சிவகாமியை அதட்டியது நினைவுக்கு வந்தது. சொன்னவள் அதை அப்போதே மறந்துவிட்டாள். யாருக்குச் சொன்னாளோ அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் கத்தினாள். பக்கத்தில் பேசாமல் நின்றவன் எடுத்துக்கொண்டுவிட்டான். ஆணி ஏறிய காலோடு விளக்குக் கம்பம் வரைக்கும் போய்வந்ததும் அதற்காகத்தான்.

“அய்யோ, எஞ்செல்லமே!” என்று அவனை வாரி எடுத்தாள். “சும்மாதாண்டே சொன்னேன். ஒன்ன விட்டுட்டுப் போவேனா? வலிச்சா வலிக்குன்னு சொல்லணும் மக்கா. சொன்னாத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“சொன்னா கூட்டிட்டுப் போவியா?”

“போவேன்.”

“அப்பம் வலிக்கு.”

அவளுக்கு உயிர் வந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஊக்கை எடுத்தாள். அவன் காலுக்கு மேலே, படாமல், காற்றில் பிடித்தாள். “இப்பம்?”

“வலிக்கு” என்றான் தாணு.

ஊக்கு அவனைத் தொடவே இல்லை.

வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது. அழாவிட்டால் கூட்டிப்போவாள் என்றதும் வலிக்கவில்லை என்றான். வலிக்கிறது என்று சொன்னால் கூட்டிப்போவாள் என்றதும் வலிக்கிறது என்கிறான். இதில் எது உள்ளது? கண்ணீர்கூட விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் வந்ததாக இருக்கலாம். ஆணி குத்தியது அவனுக்குத் தெரிந்ததா, தெரியாமலேயே நடந்தானா? கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை அவளே அடைத்துவிட்டாள். இனி எதைக் கேட்டாலும் அவன் அவளுக்குப் பிடித்ததைத்தான் சொல்லுவான்.

படி இடுக்கில் அருகம்புல் முளைத்திருந்தது. ஒன்றைக் கிள்ளினாள். முந்தானையை எடுத்து அவன் கண்ணை மூடி, தலைக்குப் பின்னால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா?”

“பேசாம இரு. ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ ஒண்ணும் சொல்லவும் வேண்டாம்.”

முதலில் வலது காலைத் தூக்கி, உள்ளங்காலில் புல்லின் நுனியால் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு “ஹிஹ்” என்றான்.

பிறகு இடது காலைத் தூக்கினாள். அந்தக் கால்தான். குதிகாலில், ஆணி குத்திய இடத்துக்குப் பக்கத்தில் புல்லை வைத்தாள். மெதுவாக இழுத்தாள். கால் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள், நடுப்பாதம் வரைக்கும். காலின் கட்டைவிரல் கொஞ்சம் மடங்கினமாதிரி இருந்தது. ஈரத்தில் மடங்கியதா, தானாக மடங்கியதா? மூன்றாம் தடவை புல்லை வைத்ததும் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் போய், தாணு வெடித்துச் சிரித்தான். காலை உதறினான். அவள் விடவில்லை. குதிகால், விரலிடுக்கு, கணுக்கால் என்று ஓர் இடம் விடாமல் தொட்டாள். தொட்ட இடமெல்லாம் துள்ளியது. “போதும்மா, கூச்சமா இருக்கும்மா, விடும்மா” என்று படியில் உருண்டு சிரித்தான். வலியை அடக்கிய பிள்ளையால் கூச்சத்தை அடக்க முடியவில்லை.

வடிவு அந்தப் பாதத்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி, இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டே அடுத்த துறைக்குப் போய்விட்டாள்.

கடைக்குத் திரும்பியபோது யூஜின் ஆணியை அடித்து மடக்கி, மேலே ஒரு தோல்துண்டும் ஒட்டி வைத்திருந்தார். “இப்பம் பாருங்கம்மா. பஞ்சுமாதிரி இருக்கும்.”

வடிவு தாணுவை இறக்கிவிட்டு நேராகப் போய் அந்தக் கறுப்புப் பூட்ஸைக் கையில் எடுத்தாள். உள்ளே கையை மணிக்கட்டு வரை விட்டாள்.

“ஏட்டி! ஏட்டி வடிவு! என்னட்டி செய்யுதே? கோயிலுக்குப் போவாண்டாமா?” பிச்சம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள்.

“குளிச்சிட்டுப் போவோம் மயினி.”

“எத்தன தடவட்டீ குளிப்பே? ஈரச்சேலைக்கு எங்க போவே?”

வடிவு உள்ளே அடி, ஓரம், தையல், விரல்முனை என்று எல்லாம் தடவினாள். குற்றமில்லை. தாணுவுக்குப் போட்டுவிட்டு, பக்கிளைத் தானே மாட்டினாள்.

“வலிக்கா மக்கா?”

தாணு பூட்ஸைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். என்ன பதில் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அங்கே தேடினான். மாமாவின் நோய் இவனிடம் இல்லை. சரி. ஆனால் மலையில் பனி இறங்கி இவன் கால் மரத்துப் போனால் சொல்லுவானா? அட்டை ஏறி ரத்தம் குடித்தால் சொல்லுவானா? பல்லைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக நடந்து, “வலிக்கல்ல” என்பான். அல்லது ஒன்றும் இல்லாமலேயே வலிக்கிறது என்பான். மாமாவைத் தொட்டது கடவுள் கொடுத்த வியாதி. இது அவளே தன் வாயால் கொடுத்தது. இனி இவனுடைய வாயைக் கேட்டுப் பிரயோசனமில்லை. காலைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கிளை அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல் வழுக்கியது. கறுப்பு ஜோடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“அந்த மண்ணு நிறத்துல ஒண்ணு காட்டுனீரே, அத எடும்.”

“அந்தப் பன்றி மூஞ்சியா?” என்றாள் பிச்சம்மாள்.

வடிவு அதற்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். தாணு நின்ற நிலையில் காலை நுழைத்தான். பின்னால் இருந்த காதைப் பிடித்து அவள் ஓர் இழுப்பு இழுத்தாள். பூட்ஸ் கையோடு வந்தது. குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

“எத்தன தடவ உருவுனாலும் தாங்குமா இது?” என்று யூஜினிடம் கேட்டாள்.

“ஒரு நாளுக்கு ரெண்டு தடவதானேம்மா? தாராளமாத் தாங்கும்.”

“ரெண்டு தடவ போதாது” என்றாள் வடிவு.